கடைசித் தொட்டி வரை: தருமபுரியின் நீர்ப் பேரிடர்களும் பன்னாட்டுப் பயிற்சியும்

தமிழ்நாட்டில் பேரிடர் மேலாண்மை என்ற சொல் பெரும்பாலும் கடலோரத்தையே நினைவுக்குக் கொண்டுவருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை விளைவித்த பேரழிவும், அதற்கு முன்னும் பின்னும் வந்த புயல்களும் இத்துறையின் சட்டங்களையும் நிறுவனங்களையும் பயிற்சிகளையும் கடலை நோக்கியே வளர்த்தெடுத்தன. காவிரிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இடையே பாறைமேட்டில் அமைந்த தருமபுரி மாவட்டம் அந்தக் கவனத்தின் ஓரத்திலேயே நெடுங்காலம் இருந்தது. ஆயினும் இம்மாவட்டத்தில் நீர் மூன்று வகையில் இடராகிறது: மழை பொய்க்கும்போது அது வராமற்போகிறது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஃபுளோரைடு ஏறி வருகிறது, கர்நாடக அணைகள் நிரம்பும்போதும், புயல் உள்நாட்டில் தங்கிப் பொழியும்போதும் வெள்ளமாக வருகிறது. இம்மூன்றையும் எதிர்கொள்வதற்கு வெளிநாட்டு அறிவும் நிதியும் கருவிகளும் வந்திருக்கின்றன. அவற்றின் பயன், ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர், கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளி ஆசிரியர், பரிசல் ஓட்டி ஆகியோரிடம் எத்தகைய திறன் தங்கியது என்பதைப் பொறுத்தே அமைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இங்கு ஆளப்படும் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். மீள்திறன் என்பது, ஓர் இடரால் தாக்கப்பட்ட ஊர் தன் அன்றாட வாழ்வை இழக்காமல் தாங்கவும், தாக்கம் நீங்கியபின் முன்னைவிடப் பாதுகாப்பான நிலையில் எழவும் பெற்றிருக்கும் ஆற்றல். தொழில்திறன் மேம்பாடு என்பது, இடரைக் கையாளும் பொறுப்பிலுள்ளவர் தம் பணிக்காலம் முழுவதும் அறிவையும் கைப்பழக்கத்தையும் புதுப்பித்துக்கொள்வதற்கான ஏற்பாடு. இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைப்பதில்லை. ஆனால் "பொறுப்பிலுள்ளவர்" யார் என்பதில்தான் கொள்கை ஆவணங்களும் கிராமமும் வேறுபடுகின்றன. ஆவணங்கள் அலுவலரிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகின்றன. இடரோ பெரும்பாலும் கீழிருந்துதான் தொடங்குகிறது.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எஞ்சிய மாவட்டத்தில் 15,06,843 பேர் வாழ்ந்தனர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் ஊரகத்தினர். கேழ்வரகும் சாமையும் புளியும் விளையும் இந்த மானாவாரி நிலத்தில் வறட்சி புதிதன்று. வறட்சிக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி கண்ட விடை ஆழ்துளைக் கிணறு. அந்த விடை பிறந்த கதையே ஒரு பன்னாட்டு ஒத்துழைப்பின் கதை.

1966, 1967 ஆம் ஆண்டுகளில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் நிலவிய கடும் வறட்சியின்போது, கடினப் பாறையை விரைந்து துளைக்கவல்ல காற்றழுத்தத் துளையிடும் இயந்திரங்களை யூனிசெஃப் நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அவசரகால உதவியாகத் தொடங்கிய இம்முயற்சி, சில ஆண்டுகளில் ஊரகக் குடிநீர் வழங்கலின் நிலையான முறையாகவே மாறிவிட்டது. துளையிட்ட கிணறுகளில் பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் அடிக்கடி பழுதானதால், இந்தியப் பொறியாளர்களும் யூனிசெஃபும் சேர்ந்து புதிய கைப்பம்பு ஒன்றை வடிவமைத்தனர். இந்தியா மார்க் 2 எனப் பெயர் பெற்ற அந்தப் பம்பு 1970களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் களச்சோதனைக்கு உட்பட்டு, பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சென்றது. திறந்த கிணறுகளையும் படிக்கிணறுகளையும் பற்றிப் பரவிய நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்ததற்கு இந்தப் பம்புகளும் பெருங்காரணமாக அமைந்தன. அந்நோயற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு 2000 இல் சான்றளித்தது. இந்த நன்மையைச் சிறிதாக்கிப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் பாறையின் ஆழத்திலிருந்து வரும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்ற கேள்வி, துளையிடும் வேகத்துக்கு ஈடாக எழவில்லை. கேள்வி எழுவதற்கான அறிவு அப்போதே இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு எலும்புகளை முடக்குவதைச் சென்னை மருத்துவ ஆய்வாளர்கள் 1937 இலேயே பதிவு செய்திருந்தனர். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1931 இல், அமெரிக்காவில் பற்களில் பழுப்புக் கறை படிவதற்கு நீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று கண்டறியப்பட்டிருந்தது. அறிவு ஆய்விதழ்களில் இருந்தது. துளையிட்டவரின் பயிற்சியில் அது இடம்பெறவில்லை. தருமபுரி கொடுத்த விலைக்குப் பெருமளவு காரணம் இந்த இடைவெளியே.

இதன் இயக்கம் சிக்கலானதன்று. இம்மாவட்டத்தின் அடித்தளமான சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் முதலிய ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் உள்ளன. மழை குறைந்த நிலத்தில் நீர் பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கும்போது காரத்தன்மை ஏறுகிறது, கால்சியம் குறைகிறது, ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணறு ஆழமாகிறது; பல இடங்களில் ஆழம் கூடும்போது ஃபுளோரைடும் கூடுகிறது. எனவே வறட்சியும் ஃபுளோரைடும் இருவேறு இடர்கள் அல்ல. ஒன்றுக்குத் தேடிய தீர்வின் வழியே மற்றொன்று வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. வரம்பு மீறிய நீரை ஆண்டுக்கணக்கில் குடிப்பதால் வரும் நோய் ஃபுளோரோசிஸ் எனப்படுகிறது. நிலைப்பற்கள் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், இந்நீரைக் குடித்த குழந்தையின் பற்களில் அழியாத கறை படிகிறது. பல்லாண்டுகள் தொடரும்போது மூட்டுகள் இறுகி முதுகெலும்பு வளைகிறது. வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. தடுப்பதொன்றே வழி.

இத்தகைய துன்பத்தைப் பேரிடர் என்று அழைக்கலாமா என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அதன் விடையில் நிதியும் பயிற்சியும் அடங்கியிருக்கின்றன. ஆழிப்பேரலை வந்து மூன்று வாரங்களே கழிந்திருந்த 2005 ஜனவரியில், ஜப்பானின் கோபே நகரில் கூடிய பேரிடர்த் தணிப்பு உலக மாநாடு ஹியோகோ செயல்திட்டத்தை ஏற்றது. அதன் தொடர்ச்சியாக 2015 மார்ச்சில் உருவான செண்டாய் செயல்திட்டம், திடீரென வருவனவற்றோடு மெல்ல முற்றுவனவற்றையும், பெரியனவற்றோடு சிறியனவற்றையும், தன் எல்லைக்குள் வெளிப்படையாகவே சேர்த்துக்கொண்டது. இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 டிசம்பரில் இயற்றப்பட்டது. பேரிடர் நிவாரண நிதிக்கென ஒன்றிய அரசு அறிவித்த பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், வெள்ளம், நிலச்சரிவு போன்ற பன்னிரண்டு இடர்கள் உள்ளன, ஃபுளோரோசிஸ் இல்லை. மாநிலங்கள் தமக்கே உரிய இடர்களை ஓரளவு சேர்த்துக்கொள்ளச் சட்ட ஏற்பாடு இடமளிக்கிறது. அதன்படி தமிழ்நாடு 2024 இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. குழந்தையின் பல்லிலும் முதியவரின் முதுகிலும் தன்னைப் பதித்துச் செல்லும் ஓர் இடர் அறிவிக்கைக்கு வெளியே நிற்பதால், மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தின் பயிற்சிப் பகுதியில் அது இடம்பெறாமல் போவது எளிதாகிவிடுகிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் சிறப்பை இப்பின்னணியில்தான் உணர முடியும். அதன் முழுப்பெயரே ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் என்பதாகும். குழாய்த் திட்டம் ஒன்றின் பெயரில் நோயின் பெயரையும் சேர்த்தது தற்செயல் அன்று. நீரைக் கொண்டு சேர்ப்பதோடு விழிப்புணர்வும் மருத்துவப் பணியாளர் பயிற்சியும் பள்ளிகளின் பங்கும் திட்டத்தின் உறுப்புகளாகவே வகுக்கப்பட்டன. பன்னாட்டுக் கூட்டுறவுக்கான ஜப்பான் வங்கி 2008 மார்ச்சில் இதற்கு 2,238.7 கோடி யென் கடன் வழங்க ஒப்பந்தமிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவ்வங்கியின் வளர்ச்சிக் கடன் பணிகள் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையுடன் இணைந்ததால், அம்முகமையே திட்டத்தைத் தொடர்ந்து நடத்தியது. காவிரி நீர்ப் பகிர்வையொட்டிக் கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் 2008 இல் பணி தள்ளிவைக்கப்பட்டது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றிய திட்டம் 2013 மே மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல் அருகே யானைப்பள்ளத்தில் எடுக்கப்படும் காவிரி நீர், சுத்திகரிக்கப்பட்டு, பென்னாகரம் மேட்டுக்கு ஏற்றப்பட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் 18 ஊராட்சி ஒன்றியங்களின் குடியிருப்புகளுக்கும் செல்கிறது. ஆற்றுநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆகவே நோயின் மூலத்தை மாற்றுவதே இத்திட்டத்தின் வழி.

இவ்வளவு தொலைவு வந்த நீர் கடைசியில் சென்று சேர்வது ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில். அந்தத் தொட்டியின் வால்வைத் திறப்பவரும் மூடுபவரும் டேங்க் ஆபரேட்டர். ஒகேனக்கல் தண்ணீர் வரவேண்டிய அளவு வராத நாட்களில், மக்களின் தேவையை நிறைவேற்ற உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் ஏற்றும் வழக்கம் இப்பகுதியில் தொடர்ந்து பேசப்படும் சிக்கல். அவரைக் குறைகூறிப் பயனில்லை. குடம் வரிசையில் நிற்கும்போது தொட்டியைக் காலியாக விட எவராலும் இயலாது. ஆனால் கலக்கும் அளவு நோயைத் தீர்மானிக்கிறது என்பதை எளிய கணக்கே காட்டும். எடுத்துக்காட்டாக, ஆற்றுநீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமும் கிணற்றுநீரில் 3 மில்லிகிராமும் ஃபுளோரைடு இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் சரிபாதி கலந்தால் 1.65 மில்லிகிராம் ஆகி உச்ச வரம்பைத் தாண்டுகிறது. மூன்று பங்கு ஆற்றுநீருக்கு ஒரு பங்கு கிணற்றுநீர் என்றால் 0.98 மில்லிகிராமுக்குள் நின்று, ஏற்கத்தக்க அளவுக்குள் வருகிறது. தொட்டியின் உட்புறத்தில் அளவுக்கோடு ஒன்றையும், எந்தக் கிணற்றில் எவ்வளவு ஃபுளோரைடு என்ற அட்டை ஒன்றையும் கொடுத்து, இந்தக் கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து சொல்லித்தருவதற்கு ஆகும் செலவு, பல நூறு கோடி ரூபாய்த் திட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. குறைந்த ஊதியத்தில், பெரும்பாலும் பயிற்சிச் சான்றிதழ் எதுவுமின்றிப் பணியாற்றும் இவரைப் பேரிடர்ப் பணியாளர் என்று எந்த ஆவணமும் அழைப்பதில்லை. ஆனாலும் தருமபுரிக் குழந்தையின் பல்லை அன்றாடம் காப்பவரும் காக்கத் தவறுபவரும் அவரே.

பயிற்சி என்ற பெயரில் நாடு விட்டு நாடு வந்தவற்றுள் மிக விரிவானது வேறொன்று. 1970 இல் கலிஃபோர்னியாவில் ஏற்பட்ட காட்டுத்தீயை அணைக்க வந்த பல துறைகள் ஒருவரையொருவர் அறியாமல் தடுமாறியதன் விளைவாக, யார் யாருக்குக் கட்டளையிடுவது, எந்தக் குழு எதைச் செய்வது என்பதை முன்கூட்டியே வகுக்கும் கட்டளை முறை ஒன்று அங்கே உருவானது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியுடன் இந்திய ஆட்சிப்பணி அலுவலர்களுக்கு அது கற்பிக்கப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை இந்திய நிர்வாகத்துக்கு ஏற்பத் திருத்தி, 2010 இல் நெறிமுறைகளாக வெளியிட்டது. மாவட்டத்தில் ஆட்சியரே பொறுப்பு அலுவலர். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் சட்டப்படி அவரே தலைவர். முறை தெளிவானதுதான். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி வரிசையாக வாகனங்களில் மோதும்போது, காவல்துறை, தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், நெடுஞ்சாலைத் துறை ஆகியவை ஒரே தலைமையின்கீழ் இயங்க இத்தகைய ஒழுங்கு உதவும். ஆனால் கட்டளை முறை நிகழ்வைக் கையாள்கிறது; முப்பது ஆண்டுகள் மெல்ல நிகழும் ஒன்றுக்கு அதில் இடமில்லை.

வெள்ளம் பற்றிய முன்னறிவிப்பில் பன்னாட்டு ஒத்துழைப்பு மேலும் பயன்தரும் வடிவில் வந்திருக்கிறது. ஆழிப்பேரலைக்குப்பின், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து 2009 இல் அமைத்த ரைம்ஸ் என்னும் பல்வகை இடர் முன்னெச்சரிக்கை அமைப்பு தாய்லாந்தை இருப்பிடமாகக் கொண்டு இயங்குகிறது. அதன் தொழில்நுட்பத் துணையோடு தமிழ்நாடு அரசு டி.என்.ஸ்மார்ட் என்ற முறையையும் செயலியையும் உருவாக்கியது. மழையளவு, அணை நீர்மட்டம், வானிலை எச்சரிக்கை ஆகியவற்றை ஒருங்கே திரட்டி, எந்தப் பகுதி பாதிக்கப்படலாம் என்று கணிப்பது அதன் நோக்கம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் இதனோடு இணைந்ததே.

கணிப்புக்கும் ஊருக்கும் இடையே எவ்வளவு தொலைவு எஞ்சியிருக்கிறது என்பதை 2024 டிசம்பர் காட்டியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட ஃபெஞ்சல் புயல் விரைந்து கலையாமல் உள்நாட்டில் மெல்ல நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை பெய்தது. ஊத்தங்கரை 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அரூர் இன்றும் இம்மாவட்டத்தின் வட்டத் தலைநகர். வறட்சிக்கெனவே பெயர் பெற்ற ஒரு நிலத்தில் கடற்கரைப் புயல் தன் முழு நீரையும் கொட்டியது. இருமத்தூர் வழியே செல்லும் தென்பெண்ணை பெருக்கெடுத்து, கீழே சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேறும் நிலைக்கு வந்து, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. புயல் எச்சரிக்கையைப் படிக்கும் பயிற்சி கடலோர அலுவலருக்கு மட்டும் உரியதன்று என்பதும், மேட்டு மாவட்டத்தின் ஏரிக்கரையும் மழைமானியும் கீழ் மாவட்டங்களின் முன்னெச்சரிக்கைக் கருவிகள் என்பதும் அப்போது தெளிவாயின. அரூர் வட்டத்துக் கிராம நிர்வாக அலுவலர் தம் மழையளவை இரவு இரண்டு மணிக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது கடலூர்க்காரரின் உயிர்ப்பிரச்சினை.

காவிரிப் பக்கத்தில் இந்த அறிவு ஓரளவு முதிர்ந்திருக்கிறது. மத்திய நீர் ஆணையம் பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறது. அந்த அளவு உயரும்போது ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. 2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர்வரத்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. கர்நாடக அணைகளில் திறந்த நீர் வந்துசேர ஒன்றிரண்டு நாட்கள் ஆகும் என்பதால் அதற்கு ஆயத்தமாக நேரம் கிடைக்கிறது; ஆனால் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் போன்ற இடைப்பட்ட வனப்பகுதிகளில் பெய்யும் மழை சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. நீரின் நிறமும், அதில் மிதந்துவரும் சருகும் செத்தையும், பாறையிடுக்கில் எழும் ஓசையும் மாறுவதைக் கொண்டு வரத்தை உணரும் பரிசல் ஓட்டிகளின் அறிவு அந்தச் சில மணி நேரத்துக்கு உரியது. பயிற்சி பெற்ற மீட்புக் குழுவினர் கயிற்றையும் ரப்பர் படகையும் நன்கு அறிவர். ஒகேனக்கல் பாறைச் சுழல்களை ஊட்டமலைப் பரிசல் ஓட்டியே அறிவார். அவரைத் தடைசெய்யப்படும் தொழிலாளியாக மட்டும் காணாமல், பயிற்சியில் பாடம் நடத்துபவராக அமர்த்துவது எளிய, செலவற்ற சீர்திருத்தம்.

அறிவு மேற்கிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மட்டுமே வரவேண்டும் என்பதில்லை. இந்திய அறிஞர்கள் 1970களில் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை நீக்க உருவாக்கிய முறை, அது பயன்பட்ட மாவட்டத்தின் பெயரால் நல்கொண்டா முறை எனப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் தான்சானியா, எத்தியோப்பியா முதலிய நாடுகளும் இதே துன்பத்தில் வாடுவதால், இம்முறை அங்கும் எடுத்துச்செல்லப்பட்டது. வேதிப்பொருளை நாள்தோறும் சரியான அளவில் இட ஓர் ஆள் தேவை என்பதால் அது பல இடங்களில் நிலைக்கவில்லை. அங்கும் இங்கும் தடுமாறிய இடம் ஒன்றே, கடைசிப் பணியாளர். ஒகேனக்கல் அனுபவத்தையும் எத்தியோப்பியாவின் அனுபவத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் பயிற்சி ஏற்பாடு, கடன் ஒப்பந்தத்தைவிட மிகக் குறைந்த செலவில் நடைபெறக்கூடியது.

உணவைப் பற்றிய அறிவும் இத்தகையது. புளி உட்கொள்ளும் சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்டனர். கால்சியம் மிகுந்த உணவு ஃபுளோரைடு உடலில் ஏறுவதைக் குறைக்கிறது. தானியங்களுள் கால்சியம் மிகுந்தது கேழ்வரகு. புளியும் கேழ்வரகும் தருமபுரியின் சொந்த விளைபொருள்கள். இவை தூய நீருக்கு மாற்று ஆகா. ஆனால் சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் பணியாற்றுபவர்களின் பயிற்சியில் அரைமணி நேரம் பெறத் தகுதியுடையவை.

2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களச்சோதனைப் பெட்டியைக் கையாளக் கற்பிக்க வழிவகுத்தது. ஃபுளோரைடுக்கான சோதனையில் குழாய் நீரில் சில துளி வினைப்பொருளை விட்டு, நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளை நோக்கி எவ்வளவு நகர்கிறது என்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். பென்னாகரம் ஒன்றியத்திலோ பாலக்கோடு ஒன்றியத்திலோ ஒரு பெண் தெருக்குழாயில் பிடித்த நீர் மஞ்சளாக மாறுவதைக் காணும்போது, முந்தின நாள் எந்த வால்வு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். அந்தக் குறிப்பு ஒன்றிய அலுவலகத்துக்குச் சென்று, அந்தக் கிணற்றை நிறுத்தவோ ஆற்றுநீரின் பங்கைக் கூட்டவோ சில நாட்களுக்குள் உத்தரவாகத் திரும்பி வரவும் வேண்டும். பெட்டியும் பெண்களும் தொட்டியும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் வரி மட்டும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் எழுதப்படக் காத்திருக்கிறது.